இரண்டாவது மைக்

எழுதிப் பழக்கமில்லாத ஒருத்தி எழுத உட்கார்ந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவது வரைதான் படித்தேன். சபையில் சாட்சி சொல்ல எழுப்பினால்கூடத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தே இருப்பேன். கள்ள உபதேசத்தைப் பற்றிப் பேசப் படித்தவர்கள் இருக்கிறார்கள், பிரசங்கம் செய்கிற ஊழியர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் தகுதி கிடையாது. ஆனால் அந்த உபதேசம் ஒரு வீட்டுக்குள் போனது என் வாய் வழியாக. அதனால் நடந்ததை நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. யார் பெயரையும் எழுதவில்லை. என் பெயரும் வேண்டாம்.

நான் பிறந்தது நகரிக்குப் பக்கத்தில், தெலுங்கு பேசும் கிறிஸ்தவ வீட்டில். கல்யாணம் ஆகித் திருத்தணிக்கு வந்தேன். கணவருக்குப் பஸ் ஸ்டாண்டிலிருந்து மலைக்கு ஆட்டோ ஓட்டும் வேலை. காவடி எடுத்து வருபவர்களையும் மொட்டை போட்டு இறங்குபவர்களையும் ஏற்றுவார், ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சபைக்கும் கூட்டிப்போவார். மலைக்கு ஓட்டுவது பாவம் இல்லையா என்று ஒருமுறை ஒரு சகோதரி கேட்டபோது, "ஆட்டோவுக்கு மேடு தெரியும், பள்ளம் தெரியும். மதம் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுக் கிக்கரை இழுத்தார்.

எங்கள் ஊரில் இரண்டு பாஷை பேசுவது பெரிய விஷயமே இல்லை. பூக்காரம்மாவும் பேசுவார், கண்டக்டரும் பேசுவார். ஆனால் கடைத்தெருத் தெலுங்கு வேறு, பிரசங்கத் தெலுங்கு வேறு. நான் சின்ன வயதில் தெலுங்கு வேதத்தைப் படித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு தமிழ் வேதத்தைப் படித்தேன். பல இடங்கள் இரண்டிலும் மனப்பாடம். வீட்டு வேலை செய்யும்போது ஒரு பாஷையில் ஆரம்பித்து மற்றதில் முடிப்பேன். அது ஒரு திறமை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஆந்திராப் பக்கத்திலிருந்து ஓர் ஊழியர் வாராவாரம் வெள்ளிக்கிழமை கே.ஜி.கண்டிகைக்கு வந்து உபவாச ஜெபம் நடத்த ஆரம்பித்தார். சாலை ஓரத்தில் ஷீட் போட்ட ஒரு கூடம். அவருக்குத் தமிழ் கேட்டால் ஓரளவு புரியும், பேச வராது. மொழிபெயர்க்க வந்த பெண் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறாள் என்று என் பக்கத்து வீட்டு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மேடையில் இரண்டு மைக் இருந்தன. ஒன்று அவருக்கு, இரண்டாவது எனக்கு. முதல் வாக்கியத்தைச் சொன்னேன். கூட்டம் "ஆமென்" என்றது.

அந்த ஆமெனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்புக் கூட்டங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பிரசங்கியார் பேசி நிறுத்தும்போது யாரும் ஆமென் சொல்லமாட்டார்கள். இரண்டாவது மைக்கில் தமிழ் வந்து முடிந்த பிறகுதான் சொல்வார்கள். நானூறு, ஐந்நூறு பேர் கைதூக்கி, என் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

அவர் எனக்கு ஒரே ஒரு விதி வைத்தார். தன் வாயில் வருவது அப்படியே என் வாயில் வரவேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, நடுவில் என் புத்தி வரக்கூடாது. எனக்கு அது சௌகரியமாக இருந்தது. என் சொந்த வார்த்தையாக ஒன்றைச் சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அடுத்தவர் வார்த்தை என்றால் தண்ணீர் மாதிரி வந்தது. அடுத்த மாதமே பஸ் ஸ்டாண்டில் முகம் தெரியாதவர்கள் எனக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

அந்தச் சந்தோஷத்தில்தான் என் நாத்தனாரைக் கூப்பிட்டேன். என் கணவருக்கு ஒரே தங்கை. அம்மையார்குப்பத்தில் தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக்குள்ளேயே இரண்டு பவர்லூம். அவள் தறிக்குத் தார் சுற்றுவாள், அதாவது தறியில் குறுக்கே ஓடும் நாடா என்கிற படகு மாதிரிக் கட்டைக்குள் வைக்கிற சிறிய கட்டைகளில் நூல் சுற்றும் வேலை. அவள் கணவர் கிறிஸ்தவர் இல்லை, ஆனால் அவளைத் தடுத்ததும் இல்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு. காலையும் இரவும் மாத்திரை. மாத்திரை ஒழுங்காகப் போட ஆரம்பித்து ஆறு வருடமாக ஒருமுறைகூட வரவில்லை. "நான் பேசறத ஒருவாட்டி வந்து கேளேன்" என்றுதான் அவளை அழைத்தேன். ஆண்டவருடைய வார்த்தையைக் கேட்க வா என்று சொல்லி அழைக்கவில்லை.

முதல் சில மாதங்கள் அவர் பேசியதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மன்னிப்பைப் பற்றிப் பேசினார், குடியை விடச் சொன்னார். நான்கு பேர் உண்மையிலேயே விட்டார்கள். மெதுவான குரல், வெள்ளைச் சட்டை, என்னைவிட இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஜெபத்தில் அழுவார். அந்த அழுகை நடிப்பு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. கள்ளப் போதகன் என்றால் ஓநாய் மாதிரிப் பல்லோடு வருவான் என்று நினைத்திருந்தேன்.

பிறகு சின்னச் சின்னதாக வந்தது. அவரவர் சபையில் ஆவி இல்லை, அங்கே தாகம் தீராது என்றார். இங்கே கேட்டதை அங்கே போய் விசாரிக்க வேண்டாம் என்றார். விசாரிக்கிறவனுக்கு அற்புதம் நடக்காது என்றார். எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். ஆனால் ஒன்றை மட்டும் என் வாய் எனக்கு முன்னால் கண்டுபிடித்தது. அவர் வேதத்தில் ஓர் இடத்தைச் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிடுவார். எனக்கு மீதி மனப்பாடம். நாக்கு மீதிப் பாதிக்குக் கிளம்பிப் போய், விதி ஞாபகம் வந்து திரும்பி வரும். ஒரு கூட்டத்தில் மூன்று முறை, நான்கு முறை அப்படி ஆகும். மாடிப்படியில் இல்லாத ஒரு படியில் கால் வைத்தது மாதிரி இருக்கும். ஏன் எப்போதும் அந்தப் பாதி என்று நான் யோசித்திருக்க வேண்டும். நேரமாகிவிட்டது, அதனால் சுருக்குகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வியாதியைப் பற்றிப் பேசினார். விசுவாசத்தோடு ஜெபித்தால் நோயாளி சுகமாவான் என்ற இடத்தை எடுத்தார். அதன் பிறகு, ஜெபம் வாங்கிய பிறகும் மாத்திரை விழுங்குகிறவர்கள் ஆண்டவரைப் பொய்யர் ஆக்குகிறார்கள் என்றார். மாத்திரை வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து தட்டில் போடுங்கள் என்றார்.

நான் சொல்லவில்லை. மைக்கில் ஒரு நிமிடம் ஒன்றும் வரவில்லை. காதில் வாங்கவில்லை என்று நினைத்தோ என்னவோ, அவர் திரும்பி, பொறுமையாக அதே வாக்கியத்தை மறுபடி சொன்னார். ஐந்நூறு பேர் என்னைப் பார்த்தார்கள். நான் தமிழில் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். கூட்டம் ஆமென் என்றது.

மூன்றாவது வரிசையிலிருந்து என் நாத்தனார் எழுந்தாள். கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். எவர்சில்வர் காணிக்கைத் தட்டில் அது விழுந்த சத்தம் மேடை வரைக்கும் கேட்டது. போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் காலை கணவர் வண்டி எடுத்துக்கொண்டு போனதும் இரண்டு வேதத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் எடுத்த இடத்துக்கு முன்னால் ஒரு பக்கம், பின்னால் ஒரு பக்கம் படித்தேன். எண்ணெய் பூசி ஜெபியுங்கள் என்று இருந்தது. மருந்தை விடுங்கள் என்று தெலுங்கிலும் இல்லை, தமிழிலும் இல்லை. அப்போஸ்தலரோடு ஊர் ஊராகப் போனவர்களில் ஒருவர் வைத்தியர். அவரை வைத்தியர் வேலையை விடச் சொன்னதாக எங்கேயும் இல்லை. இன்னொரு கூட்டாளியை நோயாளியாகவே ஓர் ஊரில் விட்டுவிட்டு வந்ததாக அப்போஸ்தலரே எழுதியிருக்கிறார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்கள்? இதெல்லாம் நான் இருபது தடவை படித்த இடங்கள். புதிதாக ஒன்றையும் நான் கண்டுபிடிக்கவில்லை. தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறேன் என்பதைத்தான் கண்டுபிடித்தேன்.

உடனே அம்மையார்குப்பம் பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. முதலில் ஊழியரிடம் கேட்கலாம், அவரே திருத்திச் சொல்லிவிட்டால் என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் தனியாகக் கேட்டேன். இந்த இடங்களை எல்லாம் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. பிசாசுக்கும் வேதம் மனப்பாடம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, என் தலையில் கை வைத்து ஜெபித்தார். பிறகு மேடைக்குப் போனோம். அன்றும் நான் மொழிபெயர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு எங்கள் சபைப் போதகரிடம் சொன்னேன். உபதேசத்தைப் பற்றி நீளமாக விளக்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்தப் பொண்ணு மாத்திரை நிறுத்தி எத்தினி நாள் ஆவுது?"

"ஒம்போது நாளுங்க ஐயா."

"அப்ப இங்க இன்னா பண்ணிகினு இருக்கீங்க?"

அன்றைக்கே போகச் சொன்னார். உபதேசத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் திங்கட்கிழமை போனேன்.

தறிச் சத்தத்தில் பேச முடியாது என்று அவள் என்னைப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரத்துக்குக் கூட்டிப்போனாள். முகம் தெளிவாக இருந்தது. மாத்திரை போட்டால் எப்போதும் தூக்கம் தூக்கமாக வரும், இப்போது அது இல்லை, இரண்டு கூடை தார் கூடுதலாகச் சுற்றுகிறேன் என்றாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்ல வேண்டியிருந்தது. எப்படியோ சொன்னேன். அது தவறான போதனை, வேதத்தில் அப்படி இல்லை, மாத்திரை போட்டுக்கொள் என்றேன்.

"பத்து நாளா ஒண்ணும் வரல அண்ணி."

"வரும்மா. மருந்து வேகம் இன்னும் உடம்புல இருக்கும்."

"மைக்குல நீதான சொன்ன, வேணாம்னு?"

"அவரு சொன்னாரு. நான் தமிழ்ல சொன்னேன், அவ்ளோதான்."

அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை. உண்மையாகவே புரிந்துகொள்ளப் பார்த்தாள்.

"அவரு சொன்னது எனக்கு எங்க புரிஞ்சுது? நீ சொன்னதுதான் எனக்குப் புரிஞ்சுது. நீ பொய் சொல்லமாட்டியே அண்ணி."

அவள் கணவர் ஒரு தறியை நிறுத்திவிட்டு வந்தார். விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு அதுவரை தெரியாது. மறைத்திருக்கிறாள், வீட்டில் சொல்ல வேண்டாம் என்று கூட்டத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதையும் தமிழில் சொன்னது நான்தான்.

"அக்கா, நாங்க மலைக்கு முடி குடுத்துட்டு வந்தாக்கூட டாக்டராண்ட போறோம். எங்க சாமி கோச்சுக்கல. உங்க சாமிக்கு மட்டும் இன்னாக்கா அவ்ளோ ரோஷம்?" என்றார்.

நான் ஆண்டவர் அப்படிக் கேட்கவில்லை என்றேன். பின்னே கேட்டது யார் என்றார்.

பஸ்ஸில் வரும்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தொட்டி ஓரத்தில் நான் பேசுவது வெறும் அண்ணியின் பேச்சு. அவளுக்கு வேதமாகக் கேட்டது இரண்டாவது மைக்கில் வந்த குரல். அங்கே சொன்னதை அங்கேதான் திரும்ப எடுக்க முடியும். என் கணவர், "கூட்டத்துக்குப் போவாத, வரலன்னு போன்ல சொல்லிடு" என்றார். அதற்குள் தங்கை வீட்டுக்காரர் புது மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டார், இனிமேல் அவர் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னார். இருந்தாலும் வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் போனேன்.

அன்று ஊழியர் அவளையே முன்னால் கூப்பிட்டார். பதினான்கு நாளாக மாத்திரை இல்லை, வியாதியும் இல்லை என்று அவள் சாட்சி சொன்னாள். வீட்டில் வாங்கிக் கொடுத்த மாத்திரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் அவள் தோளுக்கு மேல் கையை நீட்டிக்கொண்டு, இந்த மகளைப் போல உங்கள் மாத்திரைகளையும் இன்று கொண்டுவாருங்கள் என்று தெலுங்கில் சொல்லி நிறுத்தினார். நான் மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்தேன்.

"மாத்திரைய யாரும் நிறுத்தாதீங்க. ரெண்டு வாரம் முன்னாடி நான் சொன்னது தப்பு. வேதத்துல அப்படி இல்ல."

கூட்டம் கை தூக்கி, "ஆமென்" என்றது.

அது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர்கள் வார்த்தையைக் கேட்கவில்லை, வாக்கியம் முடிந்ததைத்தான் கேட்டார்கள். நான் மறுபடி சொன்னேன். முன்வரிசையில் சிலர் மறுபடியும் ஆமென் என்றார்கள். அதற்குப் பிறகுதான் கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஊழியருக்குப் புரிந்துவிட்டது. அவர் கத்தவில்லை. என் கையிலிருந்து மைக்கை மெதுவாக எடுத்தார். கூட்டத்தில் பாஷை தெரிந்த ஓர் அண்ணனை எழுப்பி, அக்காவுக்குள் வேறு ஆவி பேசுகிறது, எல்லோரும் கை நீட்டி ஜெபியுங்கள் என்று சொல்லவைத்தார். ஐந்நூறு கைகள் என் பக்கம் நீண்டன. என் நாத்தனாரும் கை நீட்டினாள். அழுதுகொண்டே எனக்காக ஜெபித்தாள்.

பக்கத்து வீட்டு அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே விட்டார். ரோட்டைத் தாண்டி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டாள். அவள் கணவரிடம் மட்டும் தினமும் கேட்டேன். கையில் மாத்திரை கொடுத்து, தண்ணீரும் கொடுத்துவிட்டுத்தான் தறிக்குப் போகிறேன் என்றார். வாயைத் திறந்து காட்டச் சொல்ல அவள் என்ன குழந்தையா என்றும் கேட்டார்.

அடுத்த வியாழக்கிழமை காலை, தார் சுற்றிக்கொண்டு இருக்கும்போதே விழுந்தாள். இரண்டு தறியும் ஓடிய சத்தத்தில் அவருக்குத் தெரியவில்லை. நாடாவுக்குத் தார் மாற்ற வந்தபோதுதான் பார்த்தார். வலிப்பு நிற்கவே இல்லை, ஒன்று முடியுமுன் அடுத்தது வந்துகொண்டே இருந்தது என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மூச்சு இல்லை. என் கணவருக்குப் போன் வந்தபோது அவர் மலைமேல் ஆள் இறக்கிக்கொண்டு இருந்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து என்னை ஏற்றினார். அம்மையார்குப்பம் போய்ச் சேர்ந்தோம். இன்றுவரை அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

சாயங்காலம் அவள் கணவர் தார்க் கூடையைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் கவிழ்த்தார். நூல் கட்டைகளுக்கு அடியில் மாத்திரைகள் கிடந்தன. தினமும் இரண்டு வீதம் அவர் கையில் கொடுத்தவை. வாயில் போட்டதுபோலக் காட்டி எடுத்திருக்கிறாள், சில கொஞ்சம் கரைந்திருந்தன. நான் உட்கார்ந்து அவற்றைப் பொறுக்கினேன். கொடுத்ததற்கு இரண்டு குறைந்தது. அந்த இரண்டை அவள் விழுங்கினாளா, எங்கேயாவது உருண்டு போனதா, தெரியாது. விழுங்கியிருந்தால் என்றைக்கு, நான் மைக்கில் தப்பு என்று சொன்ன அன்றைக்கா என்று யோசிக்கிறேன். அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள். போங்கள். மேடையில் பாதியில் நிறுத்தின வேத வசனத்தை வீட்டுக்கு வந்து திறந்து முழுவதும் படியுங்கள். விசாரிக்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே விசாரியுங்கள். வீட்டில் சொல்லாதே என்றால் அன்றைக்கே சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த நல்ல மனுஷி ஒருத்தி சொல்கிறாள் என்பதற்காக எதையும் நம்பாதீர்கள். நான் நல்லவள் என்றுதான் அவள் நம்பினாள்.

அவள் இறந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. பதினோரு மணிக்கு அம்மையார்குப்பத்தில் அடக்கம் செய்தோம். கே.ஜி.கண்டிகையில் உபவாச ஜெபம் வழக்கம்போலப் பத்து மணிக்கு ஆரம்பித்து இரண்டு மணிக்கு முடிந்தது. இரண்டாவது மைக்கில் புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண் நின்றாள்.